ஒரே வாக்கியத்தில் இரண்டு 'குவைட்': ஒன்று 'ஓரளவு', மற்றது 'முற்றிலும்'. எப்படி?

மைத்துளி:

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. ஏழெட்டு வருடமாக இதையே செய்கிறேன். 'குவைட்' என்ற சொல்லை இத்தனை நாளில் ஆயிரம் முறையாவது தாண்டி வந்திருப்பேன். ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. போன வாரம் அது என்னை நிறுத்திவிட்டது.

ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை. அதில் இப்படி ஒரு வரி:

'த ஃபர்ஸ்ட் ஹாஃப் வாஸ் குவைட் குட், பட் த செகண்ட் ஹாஃப் வாஸ் குவைட் இம்பாசிபிள் டு ஃபாலோ.'

நான் எழுதியது: 'முதல் பாதி மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் இரண்டாம் பாதியைப் பின்தொடர்வது மிகவும் கடினமாக இருந்தது.'

சரிபார்ப்பவர் இரண்டு 'மிகவும்' மேலும் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'முதலாவது ஓரளவு, இரண்டாவது முற்றிலும்.' அதற்கு மேல் விளக்கம் இல்லை. அகராதியைப் புரட்டினால் அங்கேயும் இரண்டு பொருளும் அடுத்தடுத்து இருக்கின்றன. 'ஓரளவு' என்பதும் 'முற்றிலும்' என்பதும் ஒரே சொல்லுக்குப் பொருளாக எப்படி இருக்க முடியும்? சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வரியைப் படிக்கும்போது எது எங்கே என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? இத்தனை வருடமாக நான் அனுப்பிய வேலைகளில் எத்தனை இடத்தில் தவறு செய்திருக்கிறேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படிக்கட்டு:

சரிபார்த்தவர் சொன்னது சரிதான் தோழி. ஆனால் காரணத்தையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: 'குவைட்' என்ற சொல்லையே முறைத்துப் பார்க்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று பாருங்கள்.

'குட்', 'டயர்ட்', 'கோல்ட்', 'இன்ட்ரஸ்டிங்' போன்றவற்றுக்குப் படிகள் உண்டு. கொஞ்சம் களைப்பு, நல்ல களைப்பு, எழுந்திருக்கவே முடியாத களைப்பு என்று ஏறிக்கொண்டே போகலாம். இந்த மாதிரிச் சொல்லோடு சேர்ந்தால் 'குவைட்' நம்மைப் பாதிப் படியில் கொண்டுபோய் நிறுத்தும். 'குவைட் டயர்ட்' என்றால் களைப்புதான், ஆனால் படுத்துவிடும் அளவுக்கு இல்லை.

'இம்பாசிபிள்', 'பெர்ஃபெக்ட்', 'எம்ப்டி' போன்றவற்றுக்குப் படி கிடையாது, எல்லைதான் உண்டு. ஒரு செயல் முடியும் அல்லது முடியாது. இங்கே பாதியில் நிற்க இடமே இல்லாததால் 'குவைட்' அந்த எல்லைவரை போய்விடும். 'குவைட் இம்பாசிபிள்' என்றால் 'முடியவே முடியாது'.

'பிரில்லியன்ட்', 'அமேசிங்' போல ஏற்கெனவே உச்சியில் உட்கார்ந்திருக்கும் சொற்களும் இந்த இரண்டாவது கூட்டம்தான். 'குவைட் பிரில்லியன்ட்' என்பதை 'ஓரளவு அபாரம்' என்று எழுதினால் பாராட்டியவரின் வாயில் இல்லாத கஞ்சத்தனத்தை நாமாகத் திணிக்கிறோம்.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி: 'குவைட்' இருக்கும் இடத்தில் 'வெரி' போட்டுப் படியுங்கள். 'வெரி டயர்ட்' காதுக்கு இயல்பாக இருக்கும். 'வெரி இம்பாசிபிள்' உறுத்தும். உறுத்தினால் 'முற்றிலும்' பக்கம் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வரியில் 'இம்பாசிபிள்' என்பது 'கடினம்' ஆகிவிட்டது. 'மிகவும்' என்ற சொல்லுக்கு இடம் கொடுக்கத்தான் அதைக் குறைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'மிகவும் முடியாதது' என்று எழுதக் கை வந்திருக்காது. அந்த இடத்திலேயே உங்கள் தமிழ் உங்களை எச்சரித்திருக்கிறது.

மைத்துளி:

உண்மைதான். 'மிகவும் முடியாததாக' என்று முதலில் தட்டச்சு செய்து அழித்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அழித்தேனே தவிர, ஏன் அழித்தேன் என்று யோசிக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். 'டிஃபரண்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெரி டிஃபரண்ட்' என்று தாராளமாகச் சொல்கிறார்கள். உங்கள் சோதனைப்படி 'குவைட் டிஃபரண்ட்' என்றால் 'ஓரளவு வேறு' என்றுதானே வர வேண்டும்? நான் படித்த இடங்களில் எல்லாம் அது 'வேறேதான்' என்ற வேகத்தோடு வருகிறதே?

படிக்கட்டு:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சோதனை அங்கே தோற்கிறது. 'டிஃபரண்ட்' இரண்டு கூட்டத்திலும் கால் வைத்திருக்கும் சொல். வேற்றுமைக்குப் படியும் உண்டு, 'அது வேறு இது வேறு' என்ற எல்லையும் உண்டு. 'குவைட்' பக்கத்தில் வந்தவுடன் பெரும்பாலும் எல்லைப் பக்கம் சாய்ந்துவிடும்: 'முற்றிலும் வேறு'. ஆனால் அதன் எதிர்ச்சொல்லான 'சிமிலர்' அப்படிச் சாயாது. 'குவைட் சிமிலர்' என்றால் 'கிட்டத்தட்ட அதே மாதிரி' என்ற அளவோடு நின்றுவிடும்.

'ரைட்', 'ஷ்யூர்', 'சர்டன்', 'ட்ரூ' ஆகியவையும் எல்லைப் பக்கம்தான். 'ஆர் யூ குவைட் ஷ்யூர்?' என்று ஒருவர் கேட்டால் 'ஓரளவு உறுதியா?' என்று கேட்கவில்லை. 'நிச்சயமாகத்தானே சொல்கிறீர்கள்?' என்று கேட்கிறார், கேட்கும்போதே கொஞ்சம் நம்பாமலும் இருக்கிறார்.

கடல்தாண்டி:

நீங்கள் இருவரும் பேசுவது முழுக்க பிரிட்டிஷ் ஆங்கிலம். அமெரிக்கர்கள் எழுதியதாக இருந்தால் அந்தப் 'பாதிப் படி' விதியை அப்படியே பொருத்த முடியாது. 'குவைட் குட்' என்று ஓர் அமெரிக்கர் எழுதினால் அது பெரும்பாலும் 'வெரி குட்' பக்கத்தில்தான் நிற்கும். பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதலில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு மேலாளரிடம் நான்கு வருடம் வேலை செய்தேன். அவர் 'குவைட் குட்' என்று எழுதினால் திருத்த வேண்டியது இன்னும் இருக்கிறது என்று பொருள். பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் வேறு குழுவுக்கு மாறினேன். அங்கே மேலாளர் அமெரிக்கர். என் முதல் வரைவைப் படித்துவிட்டு 'திஸ் இஸ் குவைட் குட்' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து பாதிப் பக்கங்களைத் திரும்ப எழுதி அனுப்பினேன். அவர் அழைத்து, 'ஏன் மாற்றினாய்? முதலில் இருந்ததே எனக்குப் பிடித்திருந்ததே' என்றார். அவர் உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். அதே இரண்டு சொல், அதே நான். எழுதியவர் எங்கே வளர்ந்தவர் என்பதுதான் மாறியிருந்தது.

அதனால் மைத்துளிக்கு என் கேள்வி: அந்த அறிக்கையை எழுதியவர் யார்? அது தெரியாமல் முதல் 'குவைட்' பற்றி யாராலும் சத்தியம் செய்ய முடியாது. இரண்டாவதில் பிரச்சினை இல்லை. 'குவைட் இம்பாசிபிள்' இரு கரையிலும் முடியாததுதான்.

மைத்துளி:

அது எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன். கேட்கலாம் என்றே தோன்றவில்லை பாருங்கள்.

ஒலிவரி:

நான் திரைப்படங்களுக்கு வசனவரி எழுதுகிறேன். எழுத்தில் இல்லாத ஒரு வசதி எனக்கு உண்டு: காது. அதை வைத்துச் சொல்கிறேன்.

பிரிட்டிஷ்காரர் வாயில் 'குவைட் குட்' என்பது இரண்டு விதமாக வரும். ஒன்றில் அழுத்தம் 'குவைட்' மேல் விழும். அந்தச் சொல் கொஞ்சம் நீண்டு, குரல் மேலே போய் இறங்கி, 'குட்' அதன் வாலாகத் தொங்கும். கேட்டவுடனே ஒரு 'ஆனால்' வரப்போகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்றில் 'குவைட்' வேகமாக ஓடிவிடும், அழுத்தம் முழுக்க 'குட்' மேல் வந்து உட்காரும். அதில் பாராட்டு இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்ற சின்ன வியப்பும் இருக்கும்.

ஒரு படத்தில் ஒரு பெண் புதிதாக வரைந்த ஓவியத்தை நண்பரிடம் காட்டுவாள். அவர் இரண்டு நொடி பார்த்துவிட்டு இந்த இரண்டு சொல்லைத்தான் சொல்வார். நான் முதலில் எழுத்துப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதி வைத்திருந்தேன். அப்புறம் ஒலியோடு ஓட்டிப் பார்த்தேன். அழுத்தம் 'குவைட்' மேல் இருந்தது. அவள் படத்தை மெல்லத் திருப்பிச் சுவரோடு சாய்த்து வைக்கிறாள். 'நன்றாக இருக்கிறது' என்று கேட்ட பெண் ஏன் அப்படிச் செய்வாள்? என் வரியைப் படிப்பவருக்கு அந்தக் காட்சியே புரிந்திருக்காது. 'பரவாயில்லை' என்று மாற்றினேன். அவள் கைக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது.

அந்தப் 'பரவாயில்லை'யையே பாருங்கள். 'ம்... பரவாயில்லை' என்று இறங்கிய குரலில் சொன்னால் மனம் ஒப்பவில்லை. 'பரவாயில்லையே!' என்று ஏற்றிச் சொன்னால் அது ஒரு விருது. பிரிட்டிஷ் 'குவைட் குட்' செய்கிற இரண்டு வேலையையும் இந்த ஒரு சொல் செய்துவிடுகிறது. இதைவிட நெருக்கமான இணை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சுருக்கெழுத்து:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? பாதி இடங்களில் 'குவைட்' வெறும் பழக்கத்தில் வருகிறது. அதை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் வாக்கியம் சுத்தமாக இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஒலிவரி:

சில இடங்களில் நீங்கள் சொல்வதுதான் சரி. 'குவைட் ரைட்' என்பதற்கு 'சரிதான்' போதும், 'முற்றிலும் சரி' என்று நீட்டத் தேவையில்லை. ஆனால் மதிப்பீடு, விமர்சனம், கடிதம் என்று ஒருவர் இன்னொருவரை எடைபோடும் எந்த எழுத்திலும் விடக் கூடாது என்பது என் கருத்து. எழுதியவர் தன் மனத்தின் எடையை அந்தச் சொல்லில்தான் வைத்திருக்கிறார். அதை எடுத்துவிட்டால் 'குட்' மட்டும் மிஞ்சும். அவர் 'குட்' என்று சொல்லவில்லையே.

ஆணிவேர்:

இழை அருமையாகப் போகிறது. மைத்துளி முதலில் கேட்ட 'ஒரே சொல் எப்படி இரண்டு பொருள் தாங்கும்' என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குச் சொல்லின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

இதன் மூலம் லத்தீனில் உள்ள 'குவீட்டஸ்'. அமைதியான, ஓய்ந்த என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கடனிலிருந்து விடுபட்ட, கணக்குத் தீர்ந்த' என்ற பொருள் அதில் ஏறியிருந்தது. விலகுவதைச் சொல்லும் 'குவிட்', குற்றத்திலிருந்து விடுவிப்பதைச் சொல்லும் 'அக்விட்', அமைதியைச் சொல்லும் 'குவயட்' எல்லாம் ஒரே குடும்பம். 'குவைட்', 'குவயட்' இரண்டின் எழுத்தையும் மாற்றிப் போட்டுவிடும் மாணவர்களைத் திட்டாதீர்கள், அவை உண்மையிலேயே உறவுக்காரர்கள்.

கணக்குத் தீர்ந்தது என்றால் பாக்கி எதுவும் இல்லை. அங்கிருந்துதான் 'முழுக்க, எதுவும் மிச்சமின்றி' என்ற பொருள் வந்தது. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இந்தப் பொருள் இருக்கிறது. அதாவது 'முற்றிலும்' என்பதுதான் மூத்தது. 'ஓரளவு' என்பது மிகவும் பிந்தியது, 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. எனவே அதற்கு முந்தைய எழுத்தை மொழிபெயர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றில் 'குவைட் ஹேப்பி' என்று வந்தால் அவர் மனம் நிறைந்த மகிழ்ச்சியோடுதான் எழுதியிருப்பார். இன்றைய பிரிட்டிஷ் காதோடு படித்து அதைக் குறைத்துவிடக் கூடாது.

முழுமையைச் சொன்ன சொல் ஏன் இளைத்தது? அளவைச் சொல்லும் சொற்களின் விதியே அதுதான் என்று நினைக்கிறேன். எல்லாரும் எடுத்து எடுத்துப் பயன்படுத்தினால் முனை மழுங்கிவிடும். 'வெரி' என்பதே ஒரு காலத்தில் 'உண்மையான' என்று பொருள் தந்த சொல். இன்று அதில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, அளவு மட்டும்தான் இருக்கிறது. நம் 'ரொம்ப'வும் அப்படித்தான். 'நிரம்ப' என்பதன் திரிபு அது. விளிம்புவரை நிறைந்திருந்த சொல். இன்று 'ரொம்ப இல்லை, கொஞ்சம்தான்' என்று பேசும்போது யாருக்காவது ஒரு பாத்திரம் நிரம்புவது தெரிகிறதா? 'பயங்கரமாக நன்றாக இருந்தது' என்று சொல்லும்போது யாரும் பயப்படுவதும் இல்லை.

பக்கத்தில் நிற்பவரைப் பொறுத்துப் பொருள் மாறுவதற்கும் தமிழில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு: 'சுமார்'. 'சுமார் நூறு பேர்' என்றால் ஏறத்தாழ நூறு. 'பாட்டு சுமார்' என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எண்ணோடு வந்தால் ஒன்று, தரத்தோடு வந்தால் வேறொன்று. யாரும் குழம்புவதில்லை. 'குவைட்' ஆங்கிலேயருக்கு அப்படித்தான்.

வரிசைமாற்றம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். 'குவைட் எ ஃபியூ' என்பதில் எனக்கு எப்போதும் தடுமாற்றம். 'எ ஃபியூ' என்றால் சில. அதற்கு முன் 'ஓரளவு' வந்தால் இன்னும் குறைய வேண்டும்தானே? ஆனால் விடைத்தாளில் 'பல' என்று இருக்கிறது.

படிக்கட்டு:

விடைத்தாள் சரி தம்பி. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கூடாது, ஒரே சொல்லாக விழுங்கிவிட வேண்டும். 'குவைட் எ ஃபியூ', 'குவைட் எ லாட்', 'குவைட் எ பிட்' எல்லாமே 'கணிசமான அளவு' என்றுதான் வந்து நிற்கும். 'குவைட் சம் டைம்' என்றால் நீண்ட நேரம். 'கொஞ்ச நஞ்சமா?' என்று நாம் கேட்பதில் 'கொஞ்சம்' இருக்கிறது, ஆனால் சொல்வது 'நிறைய'. அதே தந்திரம்தான்.

'குவைட் எ' என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல் மட்டும் வந்தாலும் ஏற்றம்தான். 'குவைட் எ பிளேயர்' என்றால் 'ஓரளவு ஆட்டக்காரர்' அல்ல, 'ஆளு லேசுப்பட்டவர் இல்லை' என்று பொருள். ஆனால் நடுவில் படியுள்ள பெயரடை ஒன்று புகுந்தால், 'குவைட் எ குட் பிளேயர்', பழைய பாதிப் படிக்கே திரும்பிவிடும். அந்த 'எ' பெரும்பாலும் 'குவைட்'டுக்குப் பின்னால்தான் வரும் என்பதையும் தேர்வுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசைமாற்றம்:

நன்றி ஐயா. 'குவைட் பெட்டர்' என்று எழுதலாமா?

படிக்கட்டு:

ஒப்பீட்டுக்கு முன்னால் போடக் கூடாது. 'மச் பெட்டர்', 'ராதர் பெட்டர்' என்று எழுதுங்கள். ஒரே ஒரு விலக்கு, உடம்பைப் பற்றிப் பேசும்போது. 'ஷீ இஸ் குவைட் பெட்டர் நவ்' என்றால் 'முழுக்கக் குணமாகிவிட்டாள்'. அங்கே 'பெட்டர்' ஒப்பீடாக இல்லை, நோய் தீர்ந்த நிலையைச் சொல்கிறது. அதற்கு எல்லை உண்டு, அதனால் 'குவைட்' ஒட்டிக்கொள்கிறது.

கடல்தாண்டி:

வினைச்சொல்லோடு வருவதையும் பேசிவிடுங்கள். 'ஐ குவைட் லைக் இட்' என்றும் 'ஐ குவைட் அக்ரீ' என்றும் அதே பழைய மேலாளர் எழுதுவார். முன்னது 'பிடித்திருக்கிறது, பெரிதாக இல்லை'. பின்னது 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்'. விருப்பத்துக்குப் படி உண்டு, உடன்பாட்டுக்கு எல்லை உண்டு என்று படிக்கட்டு சொன்னதை இங்கேயும் பொருத்திக்கொள்ளலாம்.

ஒலிவரி:

ஒரே சொல்லாக 'குவைட்' என்று பதில் வரும் வசனமும் உண்டு. கேட்டதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் சுருக்கமான பதில். நான் 'அதேதான்' என்று போடுகிறேன். சில குரல்களுக்கு 'பின்னே?' பொருந்தும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 'நாட் குவைட்'. எதிர்மறை வந்துவிட்டால் இரண்டு பொருள் குழப்பமே இல்லை, எப்போதும் மூத்த பொருள்தான். 'முழுமைக்கு ஒரு நூல் குறைவு'. 'ஷீ இஸ் நாட் குவைட் ரெடி' என்றால் அவள் தயாராகவே இல்லை என்பது இல்லை, கிட்டத்தட்ட தயார். இதைப் பலர் 'மிகவும் தயாராக இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைத் தூக்கத்திலிருந்தே எழாதவளாக ஆக்கிவிட்டார்கள்! 'இன்னும் ஒரு நிமிடம்' என்றாலே போதும்.

மரியாதைக்காக வருவதும் உண்டு. 'ஐ டோன்ட் குவைட் அண்டர்ஸ்டாண்ட்' என்பவருக்குப் பல நேரம் ஒன்றுமே புரிந்திருக்காது. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று 'முழுசாகப் புரியவில்லை' என்கிறார். அப்படியே 'சரியாகப் புரியவில்லை' என்று எழுதிவிடலாம். நம் ஊடகங்களிலும் வீட்டிலும் எல்லாரும் சொல்வதுதான்.

ஆணிவேர்:

மைத்துளியின் வரிக்குத் திரும்புவோம். ஒரு விஷயம் எனக்குப் பட்டது, நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

நாம் எல்லாரும் 'குவைட்' என்ற தனிச்சொல்லுக்குத் தமிழில் ஒரு தனிச்சொல் தேடுகிறோம். மிகுதியைச் சொல்லத் தமிழில் பஞ்சமே இல்லை. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொற்களைப் பள்ளியிலேயே ஒப்பித்திருக்கிறோம். 'முற்றிலும்', 'அறவே', 'அடியோடு' என்று எல்லையைச் சொல்லவும் சொல் உண்டு. ஆனால் நடுப்படிக்கு? 'ஓரளவு' இருக்கிறது. அதைப் பேச்சில் யார் சொல்கிறார்கள்? 'வகுப்பு ஓரளவு நன்றாக இருந்தது' என்று எழுதினால் ஏதோ அளவுகோல் வைத்து அளந்த மாதிரி இருக்கிறது. அப்படியானால் தமிழர்கள் அரைமனத்தோடு எதையும் பாராட்டுவதே இல்லையா? நாள் முழுக்கப் பாராட்டுகிறோம். அதைத் தனிச்சொல்லில் வைப்பதில்லை, சொல்லின் வாலில் வைக்கிறோம்.

'நன்றாக இருந்தது.'
'நன்றாகவே இருந்தது.'
'நன்றாகத்தான் இருந்தது.'

மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது செய்தி. இரண்டாவதில் ஏகாரம் ஏறிக்கொண்டு, 'இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை' என்கிறது. கடல்தாண்டியின் அமெரிக்க மேலாளர் அவர்தான். ஒலிவரி சொன்ன, 'குட்' மேல் அழுத்தம் விழும் பிரிட்டிஷ் குரலும் அதுதான். மூன்றாவதில் 'தான்' வந்து உட்கார்ந்தவுடன் கேட்பவர் 'ஆனால்?' என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். 'குவைட்' மேல் அழுத்தம் விழுந்து இழுபடும் குரல் இது.

'முற்றிலும்' பக்கமும் இப்படித்தான். 'முற்றிலும் முடியாததாக இருந்தது' என்பதைவிட 'முடியவே இல்லை' என்பதில் எல்லை தெளிவாகத் தெரிகிறது. அங்கேயும் வேலை செய்வது ஓர் ஏகாரம்தான்.

ஆங்கிலம் முன்னால் ஒரு சொல்லை நிறுத்திச் செய்வதைத் தமிழ் பின்னால் ஓர் இடைச்சொல்லை ஒட்டிச் செய்கிறது. இடைச்சொல் என்று பெயர் வைத்ததால் அது சின்ன விஷயம் என்று நினைத்துவிடுகிறோம்.

மைத்துளி:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நான் நாளுக்கு ஐம்பது முறை 'தான்' போட்டுப் பேசுகிறேன். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மட்டும் 'மிகவும்', 'ஓரளவு', 'முற்றிலும்' என்ற மூன்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். ஆங்கில வரியில் அளவுச் சொல் இருந்தால் தமிழ் வரியிலும் அதே இடத்தில் ஒன்று இருந்தாக வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன்.

இன்று காலை பதிலும் வந்துவிட்டது. அறிக்கையை எழுதியவர் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். அதனால் முதலாவது பாதிப் படிதான், கடல்தாண்டி. சரிபார்த்தவர் இரண்டு இடத்திலும் சரி.

இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: 'முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் பாதியை முற்றிலும் பின்தொடரவே முடியவில்லை.'

ஒலிவரி:

முதல் வாக்கியம் கச்சிதம். இரண்டாவதில் 'முற்றிலும்' எதற்கு? 'பின்தொடரவே' என்பதில் ஏகாரம் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டது. 'முற்றிலும் பின்தொடர முடியவில்லை' என்று ஒருவர் வேகமாகப் படித்தால் 'ஓரளவு பின்தொடர முடிந்தது, முழுக்க முடியவில்லை' என்று புரிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது. அதாவது 'நாட் குவைட்' ஆகிவிடும். நேர் எதிர்.

படிக்கட்டு:

ஆமாம், அதை எடுத்துவிடுங்கள். 'ஆனால்' என்பதையும் எடுக்கலாம் என்று தோன்றுகிறது. 'நன்றாகத்தான்' என்ற சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது.

மைத்துளி:

'முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் பாதியைப் பின்தொடரவே முடியவில்லை.'

அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் இருந்த இரண்டு 'குவைட்'டும் தமிழில் எங்கே என்று சரிபார்ப்பவர் கேட்டால் இந்த இழையின் சுட்டியையே அனுப்பப் போகிறேன்.